குறைத்த எடையைக் காக்க வி.ஆர். ஹெட்செட்: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

என் எடை 84 கிலோவிலிருந்து 67 கிலோவுக்கு இறங்கியதும், நான் பணம் கட்டிச் சேர்ந்திருந்த எடைக் குறைப்புத் திட்டத்திலிருந்து ஒரு வாழ்த்துச் செய்தி வந்தது. இலக்கை எட்டிவிட்டீர்கள், திட்டம் இத்துடன் நிறைவடைகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். அன்றோடு வாராந்தரத் தொலைபேசி அழைப்பு நின்றது, உணவுப் பட்டியல் வருவது நின்றது, இந்த வாரம் எடை என்ன என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று. ஏறத்தாழ 40,000 ரூபாயும் ஓராண்டு உழைப்பும் கொடுத்துக் குறைத்த எடையில் 6 கிலோ, அடுத்த தீபாவளி வருவதற்குள் திரும்பி வந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். வயது நாற்பத்தைந்தைக் கடந்துவிட்டது. வீட்டில் கணவர், மாமியார், கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறார்கள். இளைத்துவிட்டதாகச் சொல்லி வியந்த வாடிக்கையாளர்கள் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டபோது எனக்கு உண்டான வேதனையை வீட்டில்கூடச் சொல்ல முடியவில்லை. காலையில் எடைக் கருவியின் மேல் ஏறவே அஞ்சினேன். அந்த அச்சத்தோடுதான் வி.ஆர். ஹெட்செட்டை, அதாவது கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொண்டால் வேறோர் இடத்துக்குள் நிற்பதுபோல மெய்நிகர் உலகத்தைக் காட்டும் கருவியை, தேடிப் போனேன். அதில் பணமும் போயிற்று, நான் எதிர்பாராத நன்மையும் கிடைத்தது. அதே பாதையில் போக நினைக்கும் ஒருவருக்காவது இவ்விரண்டும் முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எடை ஏன் திரும்பியது என்பதை, எனக்குத் தைராய்டு பரிசோதனை செய்து பார்த்த மருத்துவர்தான் முதன்முதலில் பொறுமையாக விளக்கினார். அதுவரை என் மனவுறுதியில்தான் குறை என்று எண்ணிப் பல இரவுகள் அழுதிருக்கிறேன். எடை குறைந்ததும் உடல் அதை ஒரு பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. கொழுப்பு குறைவதால், ‘சாப்பிட்டது போதும்’ என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் கூடுகிறது, உடல் செலவழிக்கும் ஆற்றலும் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகச் சுருங்குகிறது. பிரியா சுமித்ரனும் அவருடன் பணியாற்றிய மெல்போர்ன் ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் இந்த மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் கூடுதலாகவே இருந்தது என்று கண்டார்கள். ஆகவே எடையைக் காக்கும் காலத்தில்தான் ஆதரவு அதிகம் தேவைப்படுகிறது. நான் சேர்ந்திருந்த திட்டமோ அந்த இடத்தில்தான் முடிந்தது. எடையைக் குறைக்க இப்போது பலர் போட்டுக்கொள்ளும் செமாகுளுடைடு ஊசிக்கும் இது பொருந்தும். ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக அந்த மருந்தின் ஆய்வே காட்டியிருக்கிறது. எந்த வழியில் குறைத்தாலும், குறைத்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். டெப்ரா சல்லிவன், ஜோசப் டானலி ஆகியோரின் குழு 2013-இல் வெளியிட்டது அது. எடை மிகுந்த 20 பேரில் ஒரு பகுதியினர் மருத்துவ மையத்துக்கு நேரில் வந்தார்கள். மற்றவர்கள் செகண்ட் லைஃப் என்னும் மெய்நிகர் உலகத்தில் தங்களுக்கென ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு அங்கேயே கூடினார்கள். எடையைக் குறைத்த முதல் 3 மாதங்களில் நேரில் வந்தவர்கள்தான் முன்னிலையில் இருந்தார்கள். ஆனால் அடுத்த 6 மாதங்கள் எடையைக் காக்கும் கட்டத்தில் மெய்நிகர் குழு நன்றாகச் செய்தது. அந்த உலகத்தில் ஒரு சமையலறையும் உணவகமும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்தன. விருந்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அங்கே பழகிப் பார்க்க முடிந்தது. 20 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனாலும் எடையைக் காப்பதைத் தனியாகக் கற்க வேண்டிய ஒன்றாக எண்ணி, அதற்கென ஒத்திகை வைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

இதில் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செகண்ட் லைஃப், 2003-இல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கியது. அதைச் சாதாரணக் கணினித் திரையில்தான் பார்ப்பார்கள். அதாவது அந்த ஆய்வில் இருந்தவர்கள் கண்ணை மூடும் கருவி எதையும் தலையில் மாட்டிக்கொள்ளவில்லை. வி.ஆர். என்றாலே ஹெட்செட்தான் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். இந்த வேறுபாட்டை எனக்கு விளக்கிச் சொன்னவர் யாருமில்லை. கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் மடிக்கணினியிலேயே தொடங்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கிய ஹெட்செட்டைத் தயாரிக்கும் நிறுவனம் அப்போது இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. இறக்குமதி செய்து விற்கும் ஒரு கடையில் ஏறத்தாழ 45,000 ரூபாய் கொடுத்தேன். ஓராண்டு உத்தரவாதம் என்று ரசீதில் எழுதியிருந்தாலும், சில மாதங்களில் வலது கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர், நான் அசைக்காமலே திரையில் நகர்வதாகக் காட்டத் தொடங்கியபோது, அந்த உத்தரவாதம் வெளிநாட்டில் வாங்குபவர்களுக்குத்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். புதிய கன்ட்ரோலருக்கு மேலும் 7,000 ரூபாய் ஆயிற்று. அதைவிட வருத்தம் தந்தது சந்தா விவகாரம். பயிற்சியாளர்கள் முன்னால் நின்று சொல்லித்தரும் ஒரு செயலிக்கு ஓராண்டுச் சந்தாவாக ஏறத்தாழ 9,000 ரூபாய் டாலரில் கட்டினேன். நம் நாட்டுக் கணக்கில் அதன் பல பாடங்கள் திறக்கவே இல்லை, பணமும் திரும்பவில்லை. வாங்கப் போகிறவர்கள், கருவி பழுதானால் எந்த ஊரில் யார் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் பயன்படுத்த நினைக்கும் செயலி இந்தியக் கணக்கில் முழுமையாகத் திறக்கிறதா என்று, ஒரு மாதச் சந்தாவை மட்டும் கட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்களாக இருந்தால், உங்கள் பவருக்கேற்ற லென்ஸைத் தனியாகச் செய்து பொருத்திக்கொள்ளும் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

முதல் சில வாரங்கள் எனக்குக் குமட்டலில்தான் கழிந்தன. கண் முன்னால் உலகம் ஓடுகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்போ நாம் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில் தலை சுற்றுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடும் என்று ஆலோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். எனக்கு அது சிறிதும் பயன்படவில்லை. மாலை முழுவதும் படுத்தே கிடந்தேன். பயன்பட்டது வேறு. நாம் ஓரிடத்தில் நின்றபடி, நம்மை நோக்கி வரும் பொருள்களைக் கையால் அடிக்கும் வகையான ஆட்டங்களில் உலகம் நகர்வதில்லை. அவற்றில் மட்டும் தொடங்க வேண்டும். பீட் சேபர் என்னும் ஆட்டம் அந்த வகையைச் சேர்ந்தது. மேசை விசிறியை எதிரே வைத்தால் காற்று வரும் திசையை வைத்து நாம் எங்கே நிற்கிறோம் என்று உடலுக்குத் தெரிகிறது, சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டுவதும் குறைகிறது. குமட்டலின் முதல் அறிகுறியிலேயே கழற்றிவிட வேண்டும். சுற்றிலும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியிடம் வேண்டும். எங்கள் கூடத்தில் டீப்பாயை நகர்த்திய பிறகுதான் அது கிடைத்தது. இடம் தாராளமாக இருக்கிறதே என்று மொட்டை மாடிக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். லென்ஸின் மேல் நேரடி வெயில் பட்டால் அது குவிந்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். சன்னலோரத்தில் வைப்பதும் அதே அளவு ஆபத்து. வலிப்பு நோய், தலைச்சுற்றல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

உடற்பயிற்சி என்ற அளவில் ஹெட்செட் எனக்கு என்ன தந்தது என்றால், பிறர் பார்வையிலிருந்து விடுதலை தந்தது. எடை திரும்பிய பெண் ஒருத்தி ஜிம்மில் கண்ணாடிக்கு முன்னால் நிற்பது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தெருநாய்களும் இருட்டும் மழையும் நடைப்பயிற்சியைக் கெடுத்த நாள்களில், கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க ஆட முடிந்தது. ஆனால் திரையில் காட்டும் கலோரி எண்ணை நம்பாதீர்கள். அது ஒரு மதிப்பீடு மட்டுமே. அந்த எண்ணைப் பார்த்த மாலைகளில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடலாம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அதனால் அந்த எண்ணை மறைக்கும் வசதி இருந்தால் மறைத்துவிடுங்கள். கைகளை மட்டும் வீசும் ஆட்டங்களில் தோள்பட்டை விரைவில் வலிக்கும். எனக்கு வலது தோளில் வலி வந்து இயன்முறை மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. முழங்காலை மடக்கிக் குனிந்து எழும் ஆட்டங்களைக் கலந்துகொண்ட பிறகு அது சரியாயிற்று. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகியோர் 1994-இல் தொடங்கிய எடைக் காப்புப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் அப்படியே வைத்திருப்பவர்களைச் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை இயக்குகிறார்கள், வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், காலை உணவைத் தவிர்ப்பதில்லை. ஹெட்செட் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பகுதியைத்தான் நிரப்பும். என் அனுபவத்தில் ஆட்டத்தால் மட்டும் எடை இறங்கவில்லை, ஏறுவதுதான் நின்றது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

உண்மையான திருப்பம் உணவு ஒத்திகையில்தான் வந்தது. இத்தாலியில் ஜூசெப்பே ரீவாவின் குழுவினர், கடுமையான உடற்பருமனுக்காக மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற பெண்களில் ஒரு பிரிவினரை மெய்நிகர் உணவகம், பல்பொருள் அங்காடி, கடற்கரை போன்ற இடங்களுக்குள் அழைத்துச் சென்று, அங்கே எழும் உணர்ச்சிகளை உளவியலாளர் துணையோடு கையாளப் பழக்கினார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களுக்கு ஓராண்டில், குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. இந்தப் பயிற்சியைப் பெற்றவர்கள் அவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். பார்சலோனாவிலும் மிகையாக உண்ணும் நோய் உள்ளவர்களை மெய்நிகர் சமையலறையில் உணவின் முன் உட்காரவைத்து, ஆவல் தானாகத் தணியும் வரை காத்திருக்கப் பழக்குகிறார்கள். இவற்றைப் படித்தபோது எனக்குப் பல்பொருள் அங்காடியோ கடற்கரையோ தேவையில்லை, என் எடை ஏறுகிற இடம் கல்யாணப் பந்தி என்று தோன்றியது. தை, ஆவணி மாதங்களில் எங்கள் உறவு வட்டத்தில் வாரந்தோறும் விசேஷம் இருக்கும். அந்த மாதங்களில்தான் என் எடைக் குறிப்பேட்டில் கோடு மேலே போகிறது.

சுற்றிலும் எல்லாத் திசைகளையும் பதிவுசெய்யும் ஒரு 360 டிகிரி கேமராவை மகன் வாடகைக்கு எடுத்துவந்தான். நெருங்கிய உறவினர் வீட்டு வளைகாப்பில், வீட்டாரிடமும் சமையல்காரரிடமும் அனுமதி கேட்டு, பந்தியில் என் இலைக்கு முன்னால் அதை வைத்துப் படம் பிடித்தோம். பிறகு வீட்டில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால், எதிரே இலை விரிந்திருக்கும், ஜாங்கிரியும் வடையும் வரும், இடப்பக்கம் திரும்பினால் அடுத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், பரிமாறும் தம்பி குனிந்து, “அக்கா, இன்னொன்னு வைக்கட்டுங்களா?” என்பார். நான் இலையின் மேல் கையை நீட்டி, “போதுங்க தம்பி” என்று வாய்விட்டுச் சொல்வேன். முதலில் கூச்சமாக இருந்தது, மாமியாருக்கு விளங்கவைக்கவே நேரம் பிடித்தது. ஆனால் பல மாலைகள் இப்படி உட்கார்ந்து பார்த்தபோது, நான் ஒருபோதும் அறியாத ஒன்று தெரிந்தது. என் மனம் தளர்வது இனிப்பு வரும்போதில்லை. ரசத்துக்குப் பிறகு, விசேஷ வீட்டுக்காரர் வரிசையாக விசாரித்துக்கொண்டு வந்து, “என்னங்க அண்ணி, ஒண்ணுமே சாப்பிடலீங்களே, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க” என்று சொல்லும் அந்த இடத்தில்தான். அவரை மறுத்தால் அன்பை மறுத்ததாகிவிடுமோ என்ற பயம்தான் என்னைச் சாப்பிடவைத்தது; பசிக்கு அதில் பங்கே இல்லை. இத்தனை ஆண்டுகளாக எனக்குக் கொடுத்த எந்த உணவுப் பட்டியலும் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

இடம் தெரிந்த பிறகு வழி கிடைத்தது. விசேஷ வீட்டுக்காரர் அருகில் வருவதற்குள் இலையில் கொஞ்சம் தயிர்சாதத்தை மிச்சம் வைத்துக்கொள்வேன், அவர் வந்ததும், “இப்பத்தானுங்க நல்லாச் சாப்பிட்டேன், அந்த அவியல் யாருங்க செஞ்சது?” என்று சமையலைப் பாராட்டிப் பேச்சைத் தொடங்குவேன். அவருக்கு மகிழ்ச்சி, எனக்கும் மன உறுத்தல் இல்லை. இந்த வாக்கியத்தைக்கூட ஹெட்செட்டுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த பிறகுதான் நேரில் தடுமாறாமல் வந்தது. உங்களுக்கு அந்த இடம் பந்தியாக இல்லாமல், அலுவலகத்தில் மாலை நான்கு மணிக்கு வரும் பஜ்ஜித் தட்டாகவோ, இரவில் பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுவதாகவோ இருக்கலாம். எந்த இடம் என்று கண்டுபிடித்து அதையே படம் பிடியுங்கள். கேமரா இல்லாவிட்டால், வீட்டில் ஒருவரைப் பரிமாறுபவராக நிற்கவைத்தும் பழகலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: கட்டுப்படுத்த முடியாமல் பெருமளவு உண்பது, உண்டபின் வாந்தி எடுப்பது போன்ற சிக்கல் உள்ளவர்கள் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். நான் மேலே சொன்ன இத்தாலி ஆய்வில் உளவியலாளர் துணை இருந்தது.

இரண்டாவதாக உதவியது துணை. சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையும் (சித்தி மகள்) ஓசூரில் இருக்கும் கல்லூரித் தோழியும் எடை குறைத்துத் திரும்பப் பெற்றவர்கள். மூவரும் ஞாயிறு மாலை ஒரே நேரத்தில் ஹெட்செட்டை மாட்டி, பலர் சேர்ந்து ஆடும் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியில் சந்திக்கிறோம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் ஆறு மணிக்கே தொடங்கிவிடுவோம். ஆட்டம் முடிந்ததும் அந்த வார எடையைச் சொல்ல வேண்டும். முகம் தெரியாமல் ஒரு பொம்மை உருவத்தின் பின்னால் நின்று பேசும்போது, தொலைபேசியில் மறைத்ததையெல்லாம் சொல்லிவிட முடிந்தது எனக்கே வியப்பாக இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜெஸ்ஸி ஃபாக்ஸ், ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் போன்ற முகமுள்ள உருவம் ஓடுவதைப் பார்த்தவர்கள் அடுத்த 24 மணி நேரத்தில் கூடுதலாக உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு நாள் ஊக்கத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டிச் சொல்ல முடியாது என்பதால், உருவத்தை உங்களைப் போலவே அமைக்கப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. நடுவில் தங்கையின் ஹெட்செட் பழுதாகிச் சில மாதங்கள் அவள் கைப்பேசி வழியாகத்தான் சேர்ந்தாள். அவள் எடையும் ஏறவில்லை, எங்கள் சந்திப்பும் நிற்கவில்லை. கருவியைவிட அந்த ஞாயிறு மாலைதான் எங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது என் எடை 69 கிலோவுக்கும் 70 கிலோவுக்கும் இடையில் நிற்கிறது. 72-ஐத் தொட்டால் உணவியல் நிபுணரை நேரில் போய்ப் பார்ப்பது என்று தங்கையிடமும் தோழியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அந்த எண்ணை அவர்களும் கண்காணிக்கிறார்கள். புதிதாக ஒரு எடைக் குறைப்புத் திட்டத்தில் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்: இலக்கை எட்டிய பிறகு எத்தனை மாதங்கள் தொடர்வீர்கள், அந்த மாதங்களில் யார் என்னை அழைப்பார்கள், இரண்டு கிலோ திரும்பினால் என்ன செய்வீர்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. வி.ஆர். வசதி இருப்பதாகச் சொன்னால், அதில் உடற்பயிற்சி ஆட்டம் மட்டும்தானா, உணவுச் சூழலை ஒத்திகை பார்க்க இடமுண்டா, அப்போது பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருப்பாரா என்று கேளுங்கள். குமட்டல் வந்து உங்களால் ஹெட்செட்டைப் பயன்படுத்த முடியாமல் போனால் பணம் திரும்புமா என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.